பிரேக்குக்கு எவ்வளவு, அண்ணே?

அந்த அடுக்குத் தூக்குவாளி உன் காலை இடிக்குதாம்மா? இடிச்சாச் சொல்லு, மடியில வச்சுக்கிறேன். காலி வாளிதான். காலையில வரும்போது புளிச்சாதம், தேங்காச் சாதம், எலுமிச்சம்பழச் சாதம்னு ஏழு வகை இருந்துச்சு. இப்பக் காத்துதான் இருக்கு. நீ மதுரை வரைக்கும்தானே? நல்லதாப் போச்சு. நானும் மதுரையில இறங்கித்தான் திருமங்கலத்துக்கு மாறணும்.

எங்கிட்ட கார் இருக்கும்மா. பெருமைக்குச் சொல்லல. பட்டுச்சேலையும் கட்டிக்கிட்டு, பாத்திரம் பண்டத்தோட ஒத்தையில பஸ் ஏறுறாளே, நாதியத்தவபோலன்னு நீ நினைச்சுரக் கூடாதுல்ல, அதுக்குச் சொல்றேன். கார் இப்பத் திண்டுக்கல்ல எங்க சம்பந்தி வீட்டு வாசல்ல நிக்குது. அதை ஓட்டுற ஆளும் அங்கதான் உக்காந்திருக்காரு. எங்க வீட்டுக்காரரு. இருபத்தேழு வருசத்துல மொதத் தடவையா, "நீ பஸ்ல போ"ன்னு சொல்லிட்டாரு. எல்லாம் எதுனால? பிரேக்குனால. பிரேக் பிடிக்காமப் போனாக்கூட ஒரு ஞாயம் இருக்கு. பிரேக் அருமையாப் பிடிக்குது. அதான் இவ்வளவு வம்பும்.

சிரிக்காதம்மா. மொதல்ல இருந்து சொல்றேன், நீயே ஞாயம் சொல்லு.

எம்பொண்ணு பேரு தேன்மொழி. உன் வயசுதான் இருப்பா. போன வருசம் தை மாசம் திண்டுக்கல்ல கட்டிக் குடுத்தோம். மாப்ளைக்குப் பேங்க்ல வேலை. அவரோட அப்பா பால்ச்சாமி அண்ணே, கார் பட்டறை வச்சிருக்காரு. சொந்தப் பட்டறை, முப்பத்திரெண்டு வருசமா. நல்ல மனுசன்தான், நான் இல்லைங்கல. குடிக்க மாட்டாரு, அதிர்ந்து பேச மாட்டாரு, என்னையக் கூடப்பொறந்தவளாட்டம் "தங்கச்சி, தங்கச்சி"ன்னுதான் கூப்பிடுவாரு. அந்த வாயில ஒரே ஒரு வார்த்தைதான் வர மாட்டேங்குது. எவ்வளவு ஆச்சுங்கிற வார்த்தை.

ஆனி மாசம், பொண்ணு முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு. பழத்தையும் பூவையும் வாங்கிக்கிட்டுக் கார்ல போனோம். வண்டி வாசல்ல நின்னது நின்னபடி, அண்ணே கதவைத் திறந்துக்கிட்டு ஓடி வர்றாரு. வாங்கன்னுகூடச் சொல்லல. "இந்தச் சத்தத்தோடயா திருமங்கலத்துல இருந்து வந்தீக?"ன்னு கேக்குறாரு. ஒரு மாசமாவே பிரேக்கை மிதிச்சாக் கீச்சுன்னு கத்தும். எங்க வீட்டுக்காரர், "அது மழைக்குத்தான் கத்துது"ன்னு சொல்லிட்டிருந்தாரு. ஆனி மாசம் ஏதும்மா மழை? அந்த அறிவு அவருக்கும் இல்ல, எனக்கும் இல்ல.

அன்னிக்கே அண்ணே சாவியை வாங்கி வச்சுக்கிட்டாரு. எங்களைப் பஸ்ல ஏத்தி விட்டாரு. மூணாம் நாள் மாப்ளையே வண்டியைக் கொண்டுவந்து வீட்ல விடுறாரு. கழுவி, தொடச்சு, பளபளன்னு. முன்னாடி ரெண்டு பக்கமும் பேடு, டிஸ்க்கு, பின்னாடி ஷூ, பிரேக் ஆயிலு, எல்லாம் புதுசு. பழைய பேடை ஒரு காயிதத்துல சுத்திக் குடுத்துவிட்டிருந்தாரு, நாங்க பாக்கணும்னு. அப்பளம் கணக்காத் தேஞ்சு கிடந்துச்சு. பிடிக்கிறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல, வெறும் தகடு. பொய் சொல்லக் கூடாது, அன்னிக்கு அந்த மனுசனைக் கையெடுத்துக் கும்பிட்டேன், மனசுக்குள்ள.

ஆனா பில்லு? பில்லு எங்க? மாப்ளைகிட்டக் கேட்டேன், சிரிச்சுக்கிட்டே காப்பியைக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, பிரேக்குக்கு எவ்வளவு?" "அட விடுங்க தங்கச்சி." "இல்லண்ணே, சொல்லுங்க." "நமக்குள்ள என்ன தங்கச்சி."

இந்த வார்த்தை இருக்கு பாரு, நமக்குள்ள என்ன. இதைக் கேட்டாலே எனக்கு ஆகாது. ஏன்னு சொல்றேன். தேனு பொறந்தப்ப எனக்கு ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கட்ட எங்கப்பாகிட்டக் காசில்ல. மாமியார்தான் கட்டுனாங்க, நாலாயிரத்து அறுநூறு ரூவா. கட்டும்போது இதே வார்த்தைதான் சொன்னாங்க, நமக்குள்ள என்னன்னு. அதுக்கப்புறம் அவங்க கண்ணை மூடுற வரைக்கும் பத்தொம்பது வருசம். கொழம்புல உப்புக் கூடுனா நாலாயிரத்து அறுநூறு. எங்க தம்பி வீட்டுக்கு வந்து ஒரு வாய் கூடச் சாப்பிட்டா நாலாயிரத்து அறுநூறு. நான் சம்பாரிக்க ஆரம்பிச்சு, மொத மாசச் சம்பளத்துல அதைக் கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கல. வாங்கிட்டாச் சொல்லிக்காட்ட முடியாதே!

அப்ப, எம்பொண்ணு வாழப்போன வீட்ல எனக்கு இப்படி ஒரு கடன் நின்னா நான் எப்படித் தூங்குவேன்? நாளைக்கு அவ காப்பியைக் கீழ கொட்டுனா, "உங்க ஆத்தா வண்டிக்கு ஓசியில பிரேக் போட்டோமே"ன்னு ஒரு சொல் வருமா வராதா? இன்னிக்கு வரலைன்னா நாளைக்கு வரும். எனக்குத் தெரியும்.

அதுவும் நான் ரேசன் கடையில விற்பனையாளரா இருக்கேன். எங்க கடையில வெலைப் பலகை எழுதாம ஒருநாள் கதவைத் திறக்க முடியாது. சீனி இவ்வளவு, பாமாயில் இவ்வளவு, எழுதிப் போட்டிருக்கும், குடுத்தா வாங்கிட்டுப் போகலாம். எடையும் அப்படித்தான். இருபது வருசத்துல நான் ஒரு கைப்பிடி குறைச்சதில்ல. ஒருதடவை எங்க தெருக்காரி ஒருத்தி, நான் போட்ட அரிசியை எதுத்தாப்புல இருக்கிற மளிகைக் கடையில கொண்டுபோய் எடை போட்டுப் பாத்தா. சரியா இருந்துச்சு, அது வேற விசயம். ஆனா எப்படி மனசு வந்துச்சு அவளுக்கு? எம்மூஞ்சி என்ன திருட்டு மூஞ்சியா? இன்னை வரைக்கும் அவகூட நான் பேச்சு வார்த்தை வச்சுக்கல.

சரி, அதை விடு. வெலை தெரிஞ்சாகணும்ல. திருமங்கலத்துல மூணு பட்டறையில விசாரிச்சேன். ஒருத்தன் நாலாயிரங்கிறான், ஒருத்தன் ஏழாயிரங்கிறான், ஒருத்தன் பதினோராயிரங்கிறான். என்ன சாமான் போட்டிருக்குன்னு தெரியாம எப்படிக்கா சொல்றதுன்னு என்னையவே திருப்பிக் கேக்குறான். அதுவும் ஞாயம்தானே? அப்ப நான் ஒரு யோசனை பண்ணேன். வண்டியைக் கொண்டுபோய், சக்கரத்தைக் கழட்டி, என்ன போட்டிருக்குன்னு பாத்தா வெலை தெரிஞ்சுட்டுப் போகுது!

எங்க வீட்டுக்காரர் வரவே மாட்டேன்னாரு. "தப்பு, வேணாம்"னாரு. நான் விடல. பைபாஸ் பக்கம் ஜெயசீலன்னு ஒருத்தன் புதுசாப் பட்டறை போட்டிருக்கான், அங்க கூட்டிட்டுப் போனேன். ஜாக்கி வச்சுத் தூக்கிச் சக்கரத்தைக் கழட்டுனான். கழட்டினவன் அப்படியே கையை எடுத்துட்டான். "அக்கா, இதை எதுக்குக் கழட்டச் சொன்னீங்க? இது எங்க மாஸ்டர் வேலையாச்சே"ங்கிறான். எந்த மாஸ்டர்டா? "திண்டுக்கல் பால்ச்சாமி மாஸ்டர். அவர்கிட்ட ஆறு வருசம் தொழில் கத்துக்கிட்டேன்." முறுக்குன ஒவ்வொரு போல்ட்டுலயும் மஞ்சப் பெயிண்ட்ல ஒரு பொட்டு வச்சிருந்துச்சு. சரியா முறுக்கியாச்சு, இனி யாரும் கை வைக்க வேணாம்னு அவரு வைக்கிற அடையாளமாம்.

இது எனக்கு எப்படித் தெரியும்? ஊர்ல எத்தனையோ பட்டறை, நான் போனது அவரு சிஷ்யன் பட்டறை. என் நேரம்.

வந்தது வந்துட்டோம், பாத்துச் சொல்லுன்னு ஒத்தக்கால்ல நின்னேன். பாத்தான். "எல்லாம் ஒசந்த சாமான்க்கா. மாஸ்டர் தன்னோட சொந்த வண்டிக்குப் போடுறது. ஒரு குறை சொல்ல முடியாது"ன்னான். எனக்குச் சப்புன்னு போயிருச்சு. மட்டமாப் போட்டிருந்தா, சரி, ஓசின்னா இவ்வளவுதான்னு மனசு ஆறியிருக்கும். ஒரு அட்டையில வெலை எழுதிக் குடுத்தான். பேடு ஆயிரத்து நானூத்தி அம்பது, டிஸ்க்கு ரெண்டும் மூவாயிரத்து எண்ணூறு, ஷூ ஆயிரத்து இருநூறு, ஆயிலு முன்னூத்தி அம்பது. மொத்தம் ஆறாயிரத்து எண்ணூறு. கூலி எவ்வளவுன்னு கேட்டேன். "எங்க மாஸ்டர் கூலிக்கு நான் வெலை போட மாட்டேங்க்கா"ன்னுட்டான். ஆனா அவன் கழட்டி மாட்டுன கூலி முன்னூறை மட்டும் கரெக்டா வாங்கிக்கிட்டான். கூலிக்கு நானே ஆயிரத்து இருநூறுன்னு போட்டுக்கிட்டேன். எண்ணாயிரம். மேல ஒத்தை ரூவா, மொய்க்கு வைக்கிற மாதிரி. ஆச்சா?

குடுக்குறதுக்கு நான் பட்ட பாடு இருக்கே! பழத்தட்டுல ஆப்பிளுக்கு அடியில கவரை வச்சுக் குடுத்தேன். மறுவாரமே தேனு கையில திருப்பிக் குடுத்துவிட்டாங்க, ஆப்பிளுக்குப் பதிலா மாதுளம்பழத்தோட. மாப்ளைக்குப் போன்ல அனுப்பச் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் அனுப்புறாரு, ரெண்டு நிமிசத்துல திரும்பி வருது. மறுபடி அனுப்புறாரு, மறுபடி வருது. அன்னிக்கு மட்டும் அஞ்சு தடவை. போன் டிங்கு டிங்குன்னு அடிச்சுக்கிட்டே கிடக்கு. கடைசியில எங்க வீட்டுக்காரர் போனைத் தலகாணிக்கு அடியில வச்சுட்டுப் படுத்துட்டாரு.

இதுக்கு நடுவுல அந்த ஜெயசீலன், ஏதோ கல்யாணத்துல மாஸ்டரைப் பாத்தவன், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தானா? "உங்க சம்பந்தி வண்டியைக் கொண்டுவந்து பிரிச்சுப் பாக்கச் சொன்னாங்க மாஸ்டர்"னு சொல்லிப்புட்டான். தேனு போன்ல அழுகுறா. "மாமா அன்னிக்குச் சாப்பிடலம்மா. நான் முறுக்குன போல்ட்டை முப்பத்திரெண்டு வருசத்துல ஒருத்தரும் சந்தேகப்பட்டுக் கழட்டுனதில்லன்னு ஒரு வார்த்தை சொன்னாரும்மா"ங்கிறா. நான் சந்தேகப்பட்டேன்னு யாரு சொன்னா? வெலை தெரிஞ்சுக்கத்தானே பாத்தேன்! அதை அவரே வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் எதுக்கு முன்னூறு ரூவா தண்டம் கட்டப் போறேன்? சொல்லு.

கொடை ரோடு தாண்டிருச்சாம்மா? தாண்டிருச்சா. சரி.

இன்னிக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். வளையல் போட்டு, சாதம் ஊட்டி, பொண்ணைத் தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். அதுக்காக ஒரு மாசமா நான் உக்காரல. கீழ் ரூமுக்கு வெள்ளையடிச்சேன். புதுக் கட்டில் வாங்கிப் போட்டேன். ராத்திரியில எந்திரிச்சு வெளிய நடக்க வேணாமேன்னு ரூமுக்குள்ளயே பாத்ரூம் கட்டுனேன். தொட்டில் மாட்டக் கொக்கிகூட அடிச்சாச்சு.

வளையல் எல்லாம் போட்டு முடிஞ்சுச்சு. அவங்க சொந்தம், எங்க சொந்தம், ஒரு எம்பது பேரு இருப்பாங்க. இதை விட்டா நேரமில்லன்னு எனக்குத் தோணுச்சு. சபையில வச்சுக் குடுத்தா வாங்கித்தானே ஆகணும்? வெத்தலை பாக்கு வச்ச தட்டுல எண்ணாயிரத்து ஒண்ணை வச்சு அவருக்கு முன்னாடி நீட்டுனேன். "அண்ணே, இது பிரேக்குக்கு. மறுக்காம வாங்கிக்கணும்."

மதினி, அவரு சம்சாரம், சந்தனக் கிண்ணத்தைக் கையில பிடிச்சமேனிக்கு நிக்கிறாங்க. அண்ணே தட்டையே பாத்தாரு. அப்புறம் உள்ள போனாரு. பட்டறைப் பில் புத்தகத்தை எடுத்துக்கிட்டு வந்து நாற்காலியில உக்காந்தாரு. "வண்டி நம்பர் சொல்லுங்கம்மா"ன்னாரு.

தங்கச்சின்னு சொல்லல. சொல்லுங்கம்மா. கஸ்டமர்கிட்டப் பேசுற மாதிரி.

அதுதான் முறை, நானும் அதைத்தானே நாலு மாசமாக் கேட்டேன்? ஆனா அந்த நேரம் எனக்குக் காது என்னமோ மாதிரி இருந்துச்சு. நம்பரைச் சொன்னேன். எழுதுனாரு, கிழிச்சாரு, குடுத்தாரு. பணத்தை எண்ணி, மிச்சம் ஆயிரத்து இருநூத்தி ஒண்ணு திருப்பிக் குடுத்தாரு. அந்த ஒத்தை ரூவாயையும் விடாம. குடுத்துட்டுப் பட்டறைக்குப் போயிட்டாரு. வீட்ல விசேசம், இவரு பட்டறைக்குப் போறாரு.

போகட்டும், கடன் தீந்துச்சுன்னு நான் மூச்சு விட்டேன். பொண்ணைக் கிளப்பலாம்னு ரூமுக்குள்ள போறேன். கை நிறைய வளையலோட உக்காந்திருக்கா. "நான் வரலம்மா"ங்கிறா. என்னடின்னா, "பிரசவம் இங்கயே பாத்துக்கிறேன். நாலு மாசமா இந்த வீட்ல ஒருத்தர்கூட அந்தப் பிரேக்கைச் சொல்லிக் காட்டல. நீதாம்மா தினம் போன் போட்டுச் சொல்லிக் காட்டுற"ங்கிறா. பாத்தியா பேச்சை? யாருக்காக நான் இவ்வளவும் பண்றேன்? அவ தலை நிமிந்து வாழணும்னுதானே? நான் பட்ட சொல்லு அவ படக் கூடாதுன்னுதானே? "உங்க மாமியார் மாதிரி இங்க யாரும் இல்ல, நீதான் அப்படி ஆயிட்ட"ன்னு ஒரு வார்த்தை சொன்னாம்மா. பெத்த வயித்துல கத்தியை வச்ச மாதிரி இருந்துச்சு. அந்தக் கீழ் ரூமுக்குள்ள இனி நான் எப்படிக் காலெடுத்து வைப்பேன்? அந்தக் கட்டிலைப் பாத்துக்கிட்டு எப்படி உக்காருவேன்?

இல்ல, தண்ணி வேணாம். எங்கிட்ட இருக்கு.

எங்க வீட்டுக்காரர்தான் என்னையத் தனியாக் கூப்பிட்டு, "நீ இருந்தா அவ வர மாட்டா. நீ பஸ்ல போ. நான் பட்டறைக்குப் போய் அண்ணன்கிட்டப் பேசிட்டு, அப்புறம் இவகிட்டப் பேசுறேன். வர்றாளா இல்லையான்னு ஆறு மணிக்குள்ள போன்ல சொல்றேன்"னாரு. அந்த மனுசன் இவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல. மணி என்னம்மா? அஞ்சே முக்காலா? போன் அடிப்பாரு. அதுக்குத்தான் போனை மடியிலயே வச்சிருக்கேன்.

அதுக்குள்ள ஒண்ணு செய்யி. இந்தப் பில்லைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. வந்த வேகத்துல கண்ணாடியை அங்கயே வச்சுட்டு வந்துட்டேன். பேடு ஆயிரத்து நானூத்தி அம்பது. சரி. டிஸ்க்கு மூவாயிரத்து எண்ணூறா? சரி. ஷூ, ஆயிலு. ஆமா, ஜெயசீலன் சொன்ன அதே வெலைதான். ஒரு ரூவா கூட்டி வைக்கல பாரு. கூலி? கூலின்னு அச்சடிச்சிருக்கும் பாரு, கீழ. அதுக்கு நேரா என்ன போட்டிருக்கு?

ஒண்ணும் போடலையா? நல்லாப் பாரும்மா. வெறுமனே விட்டிருக்காரா?

கூலியே வாங்கலையா அப்ப?

பாத்தியா! பாத்தியா அந்த மனுசன் பண்ணுனதை? அதான் ஆயிரத்து இருநூத்தி ஒண்ணு திரும்பி வந்திருக்கு. சாமானுக்கு மட்டும் எடுத்துக்கிட்டு, கைவேலையை ஓசியாவே நிறுத்திட்டாரு. எம்பது பேருக்கு முன்னாடி அவ்வளவு அவமானமாகியும், கடன் அப்படியேல்ல நிக்குது! நான் என்னதான்மா செய்யிறது? ஒரு மனுசனுக்கு எத்தனை தடவைதான் கடனைக் குடுக்குறது?

இரு, உனக்குப் போன்ல பணம் அனுப்பத் தெரியும்ல? இந்தா எம்போனு, பில்லு மேல அவரு நம்பர் இருக்கு பாரு, அதுக்கு அனுப்பு. மாப்ளைக்கு வேணாம், நேரா அவருக்கு. ஆயிரத்து இருநூத்தி ஒண்ணு. ரகசிய நம்பரை நான் போட்டுக்கிறேன், நீ மத்ததை அமுக்கு.

ஐயோ, அடிக்குதே. யாரு பேரு வருது? வீட்டுக்காரர்னா? அவருதான்.

இல்ல இல்ல, எடுக்காத. குடுக்காதம்மா எங்கிட்ட. தேனு வர்றேங்கிறாளோ வரலேங்கிறாளோ, எதுன்னாலும் கையில கடன் இல்லாமக் கேட்டுக்கிறேன். கடன் இருந்தா எனக்குப் பேச்சு வராதும்மா, அழுகைதான் வரும். அடிச்சு ஓயட்டும். நீ மொதல்ல இதை அனுப்பு.

நின்னுருச்சா? குடு, ரகசிய நம்பரைப் போட்டுத் தாரேன். சரி. பணம் போயிருச்சா பாரு.